10000 எம்.ஏ.எச் பவர் பேங்க், 5000 எம்.ஏ.எச் போனை ஏன் இரண்டு முறை சார்ஜ் செய்வதில்லை?

பத்தாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் இரண்டு, ஆனால் ஒன்றரை முறைதான் ஏறுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை முறை ஏறுகிறதென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல சரக்கு. அவரைத் திட்டாதீர்கள்.

குழப்பம் எம்.ஏ.எச், அதாவது மில்லி ஆம்பியர் மணி என்ற அளவில்தான். எங்கள் ஆச்சியிடம் யாராவது "பத்துப் படி அரிசி" என்றால், "பெரிய படியா, சின்னப் படியா?" என்றுதான் முதலில் கேட்பார். எம்.ஏ.எச் வெறும் படிக் கணக்கு. படி எவ்வளவு பெரிது என்பதை வோல்ட்தான் சொல்லும். இரண்டையும் பெருக்கினால் வரும் வாட் மணிதான் அரிசி.

உங்கள் பவர் பேங்க்கில் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் செல். 10000 எம்.ஏ.எச் என்றால் 10 ஆம்பியர் மணி. அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. போன் பேட்டரி 3.85 வோல்ட்டை ஒட்டி இருக்கும், அதாவது சுமார் 19 வாட் மணி. இப்படிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இரண்டு முறை வர வேண்டுமே? வராது. பவர் பேங்க் அந்த 3.7 வோல்ட்டை 5-ஆக ஏற்றி அனுப்புகிறது. போன் அதை மறுபடி இறக்கித் தன் பேட்டரிக்குள் விடுகிறது. ஏற்றும்போது கொஞ்சம், கேபிளில் கொஞ்சம், இறக்கும்போது கொஞ்சம் என்று ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. சார்ஜ் ஏறும்போது இரண்டையும் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சிந்திய அரிசி அதுதான். மீதி 30 வாட் மணியை 19-ஆல் வகுத்தால் ஒன்றரை. வீடியோ பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால் அதுவும் வராது.

பவர் பேங்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 5 வோல்ட் கணக்கில் 6000 சொச்சம் போட்டிருக்கும். பெரிய படியால் அளந்ததாலும், ஏற்றும்போது சிந்தியதைக் கழித்துவிட்டதாலும் எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். படி மாறியதாலேயே மின்சாரம் தொலைந்துபோவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது தப்பு.

ஏமாற்று என்றால் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நாலைந்து வருடம் முன்பு பேருந்து நிலையத்தில் 250 ரூபாய்க்கு '20000 எம்.ஏ.எச்' ஒன்று வாங்கினேன். என் போனை ஒரு தடவைகூட நிரப்பவில்லை. கடுப்பில் கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே விரல் தடிமனில் ஒரே ஒரு 18650 செல், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாதிரி ஒரு கட்டி. 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி தயாரிப்பே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். 20000 வேண்டுமானால் ஆறு செல்லாவது வேண்டும், ஒவ்வொன்றும் 45 கிராம் சுமார். எடையைப் பார்த்து வாங்குங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தக் கட்டி எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அடியில் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்து எதுவுமே இல்லை.

அப்புறம், விமானத்தில் போவதாக இருந்தால் அங்கேயும் வாட் மணிதான் கணக்கு. பொதுவாக 100 வரை விடுவார்கள், கைப்பையில் மட்டும். உங்கள் 37 தாராளமாகப் போகும்.