கார் வராத பிரெஞ்சுக் கால்வாய்க்கரை: பத்து வயதுப் பையனோடு எங்கே ஓட்டலாம்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் பழக்கம் விட்டுப் பல வருஷம் ஆகிறது. பத்து வயது மகனும் வருவான். நாலைந்து நாள் கிராமப்புறத்தில் சைக்கிளிலேயே போக ஆசை. காரும் லாரியும் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற சாலை மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லோரும் லுவார் ஆற்றங்கரை அல்லது துலூஸ் பக்கமுள்ள கனால் து மிடி கால்வாய்க்கரை என்கிறார்கள். எது நல்லது?

பதில்: உங்கள் நிலைமைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். துலூஸிலிருந்து மேற்கே போர்தோ பக்கம் போகும் கரோன் கால்வாய்க்கரைக்குப் போங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆசையாகக் கிளம்பி ஏமாந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பிரான்ஸில் சைக்கிள் பாதை என்று வரைபடத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. வுவா வெர்த் என்பது மோட்டார் வாகனங்களுக்குத் தடை உள்ள தனிப்பாதை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் படம் போட்ட நீலப் பலகை வாசலிலேயே நிற்கும். வெலோரூத் என்பது அம்புக்குறி போட்ட நெடுவழி மட்டுமே. அதில் வுவா வெர்த்தும் இருக்கும், கார் ஓடும் கிராமச் சாலையும் இருக்கும். லுவார் ஆ வெலோ, அதாவது லுவார் ஆற்றங்கரைச் சைக்கிள் நெடுவழி, சுமார் 900 கிலோமீட்டர், அழகில் குறை சொல்லவே முடியாது, ஆனால் அதில் கணிசமான தூரம் இந்த இரண்டாவது ரகம். கார் குறைவுதான், ஆனால் பையன் முன்னால் போக, வளைவில் ஒரு கார் திரும்பி வந்தால் உங்களுக்கு அந்த நாள் போய்விடும்.

கனால் து மிடியின் சிக்கல் வேறு. துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வரை அருமையான தார்ப்பாதை. அதற்கப்புறம் பல இடங்களில் வெறும் கரைவழிதான்: கல், வேர், மழை பெய்தால் சேறு. கூடவே 2006-இல் அங்கே கரையோரம் நிழல் தரும் பிளேன் மரங்களைப் பிடித்த பூஞ்சை நோய்க்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியிருக்கிறார்கள். படத்தில் பார்க்கும் நிழல் எல்லா இடத்திலும் கிடைக்காது. மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் தாராளமாகப் போகலாம், உங்களுக்கு வேண்டாம்.

சரி, கரோன் கால்வாய். துலூஸிலிருந்து காஸ்தே-ஆன்-தோர்த் வரை 193 கிலோமீட்டர். 1856-இல் கட்டி முடித்தது. அன்று படகு இழுத்த குதிரைகள் நடந்த கரையில்தான் இன்று ஏறக்குறைய முழுவதும் தார் போட்டிருக்கிறது. வழியில் 53 எக்ளூஸ், அதாவது படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள். ஒவ்வொன்றிலும் பாதை இரண்டு மூன்று மீட்டர் இறங்கும் அல்லது ஏறும், ஏற்ற இறக்கம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரு பக்கமும் மரங்கள் இருப்பதால் ஜூன் வெயிலிலும் நிழலில் போகலாம்.

பலரும் போர்தோவில் தொடங்கச் சொல்வார்கள். மேற்குக் காற்று முதுகில் தள்ளும் என்பது காரணம், அது உண்மையும்கூட. போர்தோவிலிருந்து சோவ்தேர் என்ற ஊர் வரை பழைய ரயில் தடத்தில் போட்ட நல்ல பாதையும் இருக்கிறது. 1937-இல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ரோஜே லாபெபியின் பெயர் அதற்கு. ஆனால் சோவ்தேரிலிருந்து கால்வாயைப் பிடிக்கும் வரை மேடும் பள்ளமுமாகச் சாதாரணச் சாலையில்தான் போயாக வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று சொன்னது சரியாக அந்த இடத்தில் வரும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். துலூஸின் மத்தாபியோ ரயில் நிலையத்து வாசலிலேயே கனால் து மிடி ஓடுகிறது. அதன் கரையோடு போனால் கால்வாய்கள் சந்திக்கும் போன் ஜுமோ. அங்கிருந்து கரோன் கால்வாய் ஆரம்பம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். துலூஸை விட்டு வெளியேறும் முதல் இருபது கிலோமீட்டர் ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் கிடங்குகள் என்று போகும், அழகு கிடையாது. பையன் முதல் நாளே அலுத்துப்போவான் என்று தோன்றினால் உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றி கிரிசோலில் இறங்குங்கள், கால்வாய் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மோன்தெக்கில் கட்டாயம் நில்லுங்கள். 1974-இல் அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார்கள். ஐந்து எக்ளூஸ்களைத் தாண்டப் படகுக்கு நேரம் பிடிக்கிறது என்று, சாய்வான கான்கிரீட் வாய்க்கால் ஒன்றைக் கட்டி, டயர் வைத்த இரண்டு ரயில் எஞ்சின் மாதிரியான வண்டிகளை இரு கரையிலும் நிறுத்தி, நடுவில் ஒரு தடுப்பைப் பொருத்தி, படகையும் அது மிதக்கும் தண்ணீரையும் சேர்த்து அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். 2009-இல் ஓட்டம் நின்றுவிட்டது. வண்டிகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல இடைவேளை கிடைக்காது.

அடுத்தது முவாசாக், துலூஸிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் கால்வாயே ஒரு பாலமேறி தார்ன் ஆற்றைக் கடக்கிறது, நீங்களும் அதன் ஓரமாகவே கடக்கலாம். 1930 வெள்ளத்தில் பக்கத்து ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது தற்காலிகமாக ரயிலை இந்தக் கால்வாய்ப் பாலத்தின் மேல் விட்டார்கள். ஊரில் 1100-இல் கட்டிய மடத்து முற்றம் இருக்கிறது. தூண் தலைப்புகளில் செதுக்கிய கதைகளைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். செப்டம்பரில் போனால் இந்த ஊரின் ஷாஸ்லா திராட்சை கிடைக்கும். சின்னச் சின்னதாக, பொன்னிறத்தில், தேன் மாதிரி. அங்கிருந்து அஜான் இன்னும் 43 கிலோமீட்டர் அளவில். நகரத்தைத் தாண்டியதும் கரோன் ஆற்றுக்கு மேலே 23 வளைவுகளோடு 539 மீட்டர் நீளக் கல்பாலம், அதன் மேலும் கால்வாய்தான் ஓடுகிறது. பாலம் முடிந்ததும் நாலு எக்ளூஸ் வரிசையாக இறங்கும். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் இதுதான் உச்சம், படகு ஏதாவது இறங்கும் வரை காத்திருந்து பாருங்கள்.

ஒரு நாளைக்கு 30, 35 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். பையனால் முடியாது என்பதற்காக இல்லை. கால்வாய்க்கரை நேராக, ஒரே மாதிரி, மணிக்கணக்கில் நீளும். கால் வலிப்பதற்கு முன்னால் மனசு அலுத்துவிடும். தினமும் ஒரு ஊருக்குள்ளாவது இறங்கி ஏறினால்தான் ருசிக்கும்.

கவனிக்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, பழைய பாலங்களின் அடி. பாதை குறுகி, வளைவுக்குக் கீழே திரும்பும். எதிரே வருவது யாரென்று தெரியாது, ஒரு பக்கம் தண்ணீர். தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள், பையனை நடுவில் விட்டு ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் போங்கள். இரண்டு, பிளேன் மர வேர்கள் தாரைத் தூக்கிவிட்ட மேடுகள். நிழலில் கண்ணுக்குத் தெரியாது. 35 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாத டயர் போதும், ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் வேண்டாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் 2017 முதல் சட்டப்படி கட்டாயம்.

சாப்பாட்டை அலட்சியம் செய்யாதீர்கள். கிராமத்துக் கடைகள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடினால் இரண்டரை போலத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது, திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை. காலையிலேயே ரொட்டி, சீஸ், தக்காளி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சைவம் என்றால் இந்தப் பக்கம் கொஞ்சம் சிரமம்தான், எதிலும் வாத்து இருக்கும், உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள், அதனால் என்ன சேர்ப்பார்கள் என்று கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் இருக்கும். குடிக்க உதவாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

தங்குவதற்கு அக்கேய் வெலோ, அதாவது சைக்கிள்காரர்களுக்கு வரவேற்பு என்ற முத்திரை உள்ள இடங்களைப் பாருங்கள். வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டிவைக்க இடம் தர வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான விதி. மே, ஜூன், செப்டம்பர் சரியான மாதங்கள். ஆகஸ்டில் வெக்கையும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

சைக்கிளைப் பாரிஸிலிருந்து கொண்டுபோக மெனக்கெட வேண்டாம். தேஜேவே என்ற அதிவேக ரயிலில் கழற்றிப் பையில் போட்டாலோ முன்பதிவு செய்தாலோதான் ஏற்ற முடியும், மூன்று சைக்கிளுக்கு அது பெரிய பாடு. துலூஸிலேயே வாடகைக்கு எடுங்கள், பக்கவாட்டுப் பைகளையும் சேர்த்துக் கேளுங்கள். ரயில் பாதை கால்வாயை ஒட்டியே ஓடுவதால் முவாசாக், வலான்ஸ் தாஜான், அஜான் என்று எங்கே அலுத்தாலும் உள்ளூர் ரயில் ஏறித் திரும்பிவிடலாம். சைக்கிளுக்கான இடம் குறைவு, கோடையில் சில தடங்களில் அதற்கும் முன்பதிவு கேட்பார்கள். திரும்பும் நாளில் மட்டும் காலை ரயிலையே குறிவையுங்கள். அதில் இடம் இல்லாவிட்டாலும் அடுத்ததைப் பிடிக்க நேரம் இருக்கும்.