ஓப்பன் எம்பிஐயை ஸ்பேக் மறுபடி கட்டாமல் தடுக்க

யஷ்வந்த்பூர் ஆய்வகத்தின் கணினித் தொகுப்பில் ஓப்பன் எம்பிஐ (பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்ய உதவும் நூலகம்) ஏற்கெனவே இருந்தும், எச்டிஎஃப்5 என்ற தரவுக் கோப்பு நூலகத்தை நிறுவும்போது, மென்பொருள் நிறுவும் கருவியான ஸ்பேக் ஓப்பன் எம்பிஐயையும் மூலநிரலிலிருந்து புதிதாகக் கட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நாம் சொல்லாதவரை அங்கே இருப்பது ஸ்பேக்குக்குத் தெரியாது, பாவம்.

முதலில் ஓப்பன் எம்பிஐ மாட்யூலை ஏற்றுங்கள்; அப்போதுதான் அது ஸ்பேக்கின் கண்ணில் படும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு 'ஸ்பேக் எக்ஸ்டர்னல் ஃபைண்ட் ஓப்பன்எம்பிஐ' கட்டளையை ஓட்டினால், ஸ்பேக்கின் அமைப்புக் கோப்பான பேக்கேஜஸ் யாமலில் அதன் பதிவு விழும். அதே கோப்பில் 'பில்டபிள்: ஃபால்ஸ்' (அதாவது, கட்டாதே) என்று சேருங்கள். ஓப்பன் எம்பிஐக்கு மட்டும் போட்டால் ஸ்பேக் இன்னொரு எம்பிஐ நூலகமான எம்பிஐசிஎச் பக்கம் தாவக்கூடும். 'எம்பிஐ' என்ற பொதுப்பெயருக்கே போட்டுவிடுங்கள்.

நிறுவும் முன் 'ஸ்பேக் ஸ்பெக்' ஓட்டி, எதையெல்லாம் கட்டப் போகிறது என்று பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு, ஓர் இரவு முழுக்க ஜிசிசி கம்பைலர் கட்டப்படுவதை வேடிக்கை பார்த்தேன்.