சம்பு நட்டால் நிக்கல் போய்விடுமா?

கேள்வி: என் அண்ணா மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு நிக்கலும் குரோமும் பூசும் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். பாகம் கழுவிய தண்ணீர் கானுக்குத்தான் போகிறது. பின்னால் 4 பேர்ச் காணி சும்மா கிடக்கிறது. அதில் தொட்டி கட்டிச் சம்பு (சதுப்பில் வளரும் உயரமான புல்) நட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று யாரோ சொன்னார்களாம். கங்குனும் போட்டால் வீட்டுக் கறிக்கு ஆகும் என்கிறார் அண்ணா. செய்யலாமா?
– வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: தங்கச்சி, கங்குன் வேண்டவே வேண்டாம். நிக்கலும் குரோமியமும் அதன் வேரிலும் தண்டிலும் இலையிலும் ஏறும். கழுவினாலும் அவித்தாலும் போகாது. இப்போதே அந்தக் கானோரம் முளைத்திருப்பதை யாரும் பறிக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

தொட்டி யோசனை பிழையில்லை. ஆனால் சம்பு உறிஞ்சுவது கொஞ்சம்தான். உலோகத்தின் பெரும்பங்கு அடிச்சேற்றில் தங்கும். காற்றுப் படாத சேற்றிலுள்ள பக்டீரியா சல்பேட்டைச் சல்பைடாக்கும். நிக்கல், செம்பு, நாகம் எல்லாம் அதோடு சேர்ந்து கரையாத பொடியாகப் படியும். அமெரிக்காவில் சவானா ஆற்றோரத்து அணுவளாகத்தில் செம்பை அகற்ற அமைத்த சதுப்பில் ஜிப்சம் கலந்ததும் அந்தப் பக்டீரியாவுக்குச் சல்பேட் கொடுக்கத்தான்.

நான் ஆய்வுகூடத்தில் பல வருடம் தண்ணீர் சோதித்தவள். ஒருமுறை இப்படியொரு தொட்டியின் சேற்றை ஜாம் போத்தலில் கொண்டுவந்தார்கள். கரிக்கறுப்பு. மூடியைத் திறந்ததும் கூழ்முட்டை நாற்றம், சல்பைடு உண்டாவதன் அடையாளம். தொட்டி வேலை செய்கிறதென்று எனக்குச் சந்தோஷம். திறந்தபடியே ஜன்னலோரம் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மேற்பகுதி துருநிறம். காற்றுப் பட்டால் படிந்த உலோகம் மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே தொட்டி காயவும் கூடாது, சேற்றை அள்ளி வெளியே குவிக்கவும் கூடாது. 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்படியொரு வெள்ளம் இந்தச் சேற்றை அயல்வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விடக்கூடாது. தொட்டிச் சுவர் உயரமாக, தளம் கசியாததாக இருக்க வேண்டும்.

இடமும் போதாது. ஆர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத்தில் ஓர் உலோகக் கருவி ஆலை இதே குரோமியம், நிக்கல், நாகத்துக்காக அமைத்த சதுப்பு 50 மீற்றர் நீளம், 40 மீற்றர் அகலம். நம் கணக்கில் 79 பேர்ச். பலவகைச் செடி நட்டார்கள். கடைசியில் தாக்குப்பிடித்தது சம்புதான். அங்கேயும் முதற்சுத்திகரிப்பு முடிந்த தண்ணீர்தான் சதுப்புக்குள் போகிறது.

அண்ணாவும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாகத்தைத் தூக்கியதும் பூச்சுத் தொட்டிக்கு மேலேயே நன்றாக வடிய விடச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை, கழுவும் தண்ணீருக்குப் போகும் உலோகம் அதிலேயே குறையும். மஞ்சளாக ஓடும் குரோம் தண்ணீரைத் தனியாகப் பிடியுங்கள். அதன் நஞ்சை அமிலநிலையில் மெட்டாபைசல்பைற்று போட்டுக் குறைத்து, பிறகு சுண்ணாம்பால் படிய வைக்க வேண்டும். இரசாயனம் தெரிந்தவர் நின்று செய்ய வேண்டிய வேலை இது. பட்டறையில் சயனைட் தொட்டி இருந்தால் அமிலம் அதன் கிட்டவும் போகக்கூடாது, உயிர்போகும் வாயு வரும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். படிந்த சேற்றை எங்கே ஒப்படைப்பது என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தைப் பிடிக்க அந்த 4 பேர்ச்சில் சம்பு நடட்டும். சுற்றிவர வேலி போடுங்கள். வெட்டிய சம்பை ஆட்டுக்கும் போட வேண்டாம்.