பேய் வாய் திறந்து பாடினால் பயம் போய்விடுமா?

ஓபராவில் ஆவியே மேடைக்கு வந்து பாடினால் திகில் குறைந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். 1954 செப்டம்பர் 14 அன்று, இங்கிலீஷ் ஓபரா குழு வெனிஸில் முதன்முதலாக மேடையேற்றிய ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வைப் பாருங்கள்.

இந்த ஓபராவுக்கு மூலமான, ஹென்றி ஜேம்ஸின் 1898ஆம் ஆண்டுக் கதையில் பேய்கள் பேசுவதே இல்லை. எல்லாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் பிரமையோ என்ற சந்தேகம் கடைசிவரை தீராது. பிரிட்டன் பேய்களைப் பாடவைத்தார். சந்தேகம் கொஞ்சம் குறைந்தது, சரி. ஆனால் குவின்ட் என்ற பேயின் வேடத்தில் பாடகர் பீட்டர் பியர்ஸ், சிறுவன் மைல்ஸைப் பெயர் சொல்லி இழுத்து இழுத்து அழைக்கும் இடம் இருக்கிறதே, அந்த இனிமைதான் வயிற்றைக் கலக்குகிறது! கூடவே செலஸ்டா என்ற கட்டை வாத்தியத்தின் மணியோசை. இத்தனைக்கும் வாத்தியக்காரர்கள் வெறும் 13 பேர்.