'யெஸ்டர்டே ஐ கோ': எதிலிருந்து திருத்துவது?

கேள்வி: சீனாவில் செங்டூ நகரில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 'யெஸ்டர்டே ஐ கோ' என்கிறார்கள். அம்மாவைக்கூட 'ஹி' என்கிறார்கள். எவ்வளவு திருத்தியும் மாறவில்லை. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: பிள்ளைகளுக்குக் கவனம் போதவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சீன மொழியில் காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறுவதே இல்லை. 'நேற்று' என்று சொல்லியாகிவிட்டால் போதும். செயல் முடிந்ததைக் காட்ட 'லெ' என்றொரு சிறு சொல் உண்டு. ஆனால் 'நாளைக்குச் சாப்பிட்டதும் வருகிறேன்' என்பதிலும் அது வரும். இறந்தகால விகுதி அல்ல.

'ஹி', 'ஷி' சிக்கலும் இப்படித்தான். அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறுபாடு, பெண்ணைக் குறிக்கும் தனி எழுத்து 1920களில்தான் பரவலானது. விதி தெரிந்த பிள்ளைக்கும் பேசும் வேகத்தில் தவறிவிடும். அதற்காகப் பேச்சை நடுவில் நிறுத்தாதீர்கள். பேசி முடித்த பிறகு ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் சொல்லின் கடைசி மெய். மாண்டரின் என்ற பொதுச் சீன மொழியின் அசைகள் உயிரிலோ 'ன்', 'ங்' ஒலிகளிலோதான் முடியும், சில இடங்களில் 'ர்' வரும். 'க்ட்', 'க்ஸ்' என்று முடித்து அந்த வாய்க்குப் பழக்கமே இல்லை. ஆகவே 'வாக்ட்' என்பது 'வாக்' ஆகிறது, 'புக்ஸ்' என்பது 'புக்' ஆகிறது. நமக்கு அது இலக்கணப் பிழையாகக் கேட்கிறது. அதே வாக்கியத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் சரியாக இருந்தால் பயிற்சி வேண்டியது வாய்க்கு; எழுத்திலும் 'வாக்', 'புக்' என்றே வந்தால்தான் இலக்கணப் பாடம்.

வாய்க்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அடுத்த சொல் உயிரில் தொடங்கும்படி வாக்கியம் கொடுங்கள். 'வாக்ட் இன்' என்பதை 'வாக் டின்' என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அசையின் தொடக்கத்தில் 'ட்' வந்தால் அவர்களுக்குச் சிரமமே இல்லை. அது பழகியதும் மெல்ல மெல்லச் சேர்க்கலாம்.

செங்டூ என்பதால் இன்னொன்று. அந்த ஊர்ப் பேச்சில் 'ன', 'ல' பல இடங்களில் ஒன்றாகிவிடும். 'நைட்', 'லைட்' குழம்பினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். 'ன' அடைத்துக்கொள்ளும், 'ல' தடையில்லாமல் வரும். வித்தியாசம் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

'ஓபன் த லைட்', 'பிகாஸ்' சொன்ன பிறகு மறுபடி 'சோ' போடுவது எல்லாம் நேரடி மொழிபெயர்ப்பு. சுட்டிக்காட்டினால் சீக்கிரமே போய்விடும். 'டோன்ட் யூ லைக் இட்?' என்றால் 'யெஸ், ஐ டோன்ட்' என்பார்கள். 'பிடிக்கலையா?' என்று கேட்டால் நாமும் 'ஆமாம், பிடிக்கலை' என்றுதானே சொல்கிறோம்? அதை விளக்க உங்களுக்குத் தமிழே கைகொடுக்கும்.