கம்போடியாவின் பழைய விஷ்ணு சிலைகளைப் பல்லவச் சிற்பிகள் போய்ச் செதுக்கினார்களா?

இல்லை என்பதுதான் என் பதில். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகும்வரை நானும் பல்லவர்கள்தான் செதுக்கினார்கள் என்று நம்பியிருந்தேன். அங்கே எட்டுக் கை விஷ்ணுவைச் சுற்றி வந்தேன், எண்ணம் மாறிவிட்டது.

சுற்றி வர முடிந்ததுதான் விஷயமே. மாமல்லபுரத்துக் குடைவரைகளில் சாமி பாறையோடு ஒட்டி நிற்பார், முதுகு கிடையாது. இந்த விஷ்ணுவுக்கு முதுகு இருக்கிறது. அங்கோர் போரேய் என்ற பழைய ஊருக்குப் பக்கத்தில் புனோம் டா என்ற சிறு குன்றில் கிடைத்தவர். 6ஆம் நூற்றாண்டு என்று பலர் கணிக்கிறார்கள். இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம், மணற்கல். அந்தக் கல்லில் எட்டுக் கைகளை அந்தரத்தில் நீட்டினால் ஒடிந்து விழும். அதனால் சிற்பி லாடம் போல ஒரு வளைவை அதே கல்லிலேயே விட்டுவைத்து, கைகளுக்கும் கிரீடத்துக்கும் அதைத் தாங்கலாக்கியிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் வயிறும் தோளும் நிஜ உடம்பு மாதிரியே இருக்கின்றன. நம் பக்கத்துக் கற்சிலைகளில் இந்த வளைவை நான் எங்கும் பார்த்ததில்லை. அவருக்கு இரு பக்கமும் நின்ற ராமரும் பலராமரும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார்கள்.

தெய்வங்களும் கதைகளும் இந்தியாவிலிருந்து போனவை, அதில் சந்தேகமில்லை. கல்லை எப்படி நிற்க வைப்பது என்பதை அங்கிருந்தவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

அதே குன்றில் கோவர்த்தன மலையைத் தூக்கும் கிருஷ்ணர்களும் கிடைத்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவருடைய துண்டுகள் என்று நம்பியவற்றை பிரஸ்ஸல்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்தார்கள். அவற்றில் சில புனோம் பென்னில் இருக்கும் இன்னொரு கிருஷ்ணருடையவை என்று பின்னால் தெரியவர, ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். படித்தபோது கண் கலங்கிவிட்டது எனக்கு.

தமிழர் தடம்தான் வேண்டுமென்றால் தாய்லாந்தின் தக்குவா பா பக்கம் பாருங்கள். அங்கே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது: அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. அந்த இடத்துச் சிலைகளில் பல்லவச் சாயல் தெளிவாகவே தெரியும். பழைய புகைப்படங்களில் ஒரு பெரிய மரம் அவற்றைத் தன் அடிமரத்துக்குள் இறுக்கி வைத்திருக்கிறது. முகமும் தோளும் மட்டும் வெளியே.