துள்ளுகிற பிள்ளைகளோடு மலை நடை: கேள்வி பதில்

வீரவநல்லூர்: அண்ணாச்சி, பையனுக்கு ஆறு வயசு. வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டான். ஆனா மலை நம்பி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா பாதி வழியில "தூக்கு"ன்னு உக்காந்துட்டான். ஏன் இப்படி?

துள்ளுகிற பிள்ளைக்குத்தான் இது நடக்கும், தங்கச்சி. அவன் நடப்பதே இல்லை. முன்னால் ஓடுவான், திரும்பி வருவான், பாறையில் ஏறிக் குதிப்பான். நீங்கள் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவன் ஒன்றரை போயிருப்பான். பெரியவர்கள் பலத்தை அளந்து செலவழிப்போம். பிள்ளைகளுக்கு அது தெரியாது, உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் குறைவு. அது தீர்ந்ததும் ஒரேயடியாகச் சுருண்டுவிடுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அடையாளம் தெரியும்: வளவள என்று பேசிய பிள்ளை மௌனமாகும், கல் இல்லாத இடத்தில் தடுக்கும், காரணமில்லாமல் சிணுங்கும்.

அந்த இடத்துக்குப் போகவிடாமல் இருக்க, பசிக்கும் முன்னாலேயே கொடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு கடலைமிட்டாய், இல்லையென்றால் பாதி வாழைப்பழம், ஒரு எள்ளுருண்டை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சின்ன டம்ளரில் தண்ணீர், 100 முதல் 150 மில்லி. "தாகமா?" என்று கேட்டால் விளையாட்டு மும்முரத்தில் இல்லையென்பான். கேட்காமல் கையில் கொடுங்கள்.

அடுத்தது கடிகாரம். மொத்தம் மூன்று மணி நேரம் என்று கிளம்பினால், ஒன்றேகால் மணி ஆனதும் நின்ற இடத்திலிருந்து திரும்புங்கள், உச்சி கண்ணில் தெரிந்தாலும் சரி. இறங்கும்போதுதான் தொடைச் சதை அதிகம் அடிவாங்கும், களைத்த கால்தான் மடங்கும். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் திரும்பும் வழியில்.

பாளையங்கோட்டை: நாலு வயசுப் பிள்ளைக்கு முதல் நடை எங்கே?

மலைக்கே போகாதீர்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் கரையில் நடக்க விடுங்கள். ஏற்றமே கிடையாது, ஜனவரிக்கு மேல் நாரைக் கூட்டமும் வரித்தலை வாத்தும் பார்க்கலாம். நின்று நின்று பார்ப்பதால் பிள்ளை தானாகவே ஓய்வெடுக்கும். அது பழகியதும் கழுகுமலை. வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள் வரை சின்ன ஏற்றம். வெறும் பாறை என்பதால் உச்சிவெயிலில் அடுப்புக்கல்லாகக் கொதிக்கும், காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

மேலப்பாளையம்: மாஞ்சோலைக்குக் குழந்தைகளோட போகலாமா?

புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். அன்றைய நிலையை மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையம்: தம்பி, நாங்கள்லாம் வெறுங்காலோடதான் மலை ஏறுனோம். இப்போ ஆறு வயசுப் புள்ளைக்கு ஷூ வாங்கிக் குடுத்துப் பாதத்தக் கெடுக்காதீங்க.

பாதி ஒத்துக்கொள்கிறேன், பெரியப்பா. வெறுங்காலில் வளர்ந்த பிள்ளையின் விரல்கள் தரையைப் பற்றும், தோலும் தடித்திருக்கும். ஆனால் உங்கள் பேரன் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட ஷூவில், மீதி இரண்டு நாள் டைல்ஸ் தரையில். அந்தப் பாதத்தை ஒரே நாளில் கருவேல முள்ளுக்கும் சூடான பாறைக்கும் விடக்கூடாது.

கல்லிடைக்குறிச்சி: அப்போ ரப்பர் செருப்பு போதுமே, அண்ணாச்சி? நனைஞ்சாலும் காஞ்சிரும்.

போதாது. குதிகாலைப் பிடிக்க வார் இல்லை. நனைந்தால் பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கும், இறக்கத்தில் விரலெல்லாம் முன்னால் பிதுங்கும். பின்வார் வைத்த சாண்டல் என்றால் சம்மதம்.

கடையம்: பாசிப் பாறையில ஷூவும்தான் வழுக்கும். வெறுங்கால் வழுக்காது.

பாசியில் இரண்டுமே வழுக்கும், அதனால்தான் ஈரப்பாறையில் கால் வைக்காதீர்கள் என்கிறேன். ஆனால் ஒன்றில் நீங்கள் சொல்வதுதான் சரி: அடிப்பாகம் தேய்ந்து வழவழத்த பழைய பள்ளிக்கூட ஷூவைவிட வெறுங்கால் மேல். வீட்டில் கிடப்பதைப் போட்டு அனுப்புகிறவர்கள் ஷூவைத் திருப்பி அடியைத் தடவிப் பாருங்கள். வரிப்பள்ளம் விரலில் தட்டவில்லையென்றால் மலைக்கு ஆகாது.

அம்பை: சண்டையை விடுங்க. ஷூ எப்படிப் பார்த்து வாங்கணும்?

சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். மலைக்குப் போடுகிற சாக்ஸோடு போட்டு நிற்கவையுங்கள். பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறங்கும் முன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கடைசித் துளைக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் போகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளையில் நாடாவை விட்டுச் சின்ன வளையம் ஆக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. ஒவ்வொரு நுனியையும் எதிர் வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பதிந்துவிடும், நகம் கறுக்காது.

முக்கூடல்: அட்டை கடிச்சா உப்பு, சுண்ணாம்பு எது நல்லது?

இரண்டும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். எரிச்சல் பட்ட அட்டை வயிற்றில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கும், புண் சீழ்பிடிக்கும். மெலிந்த முனைதான் வாய். அதன் பக்கத்தில் தோலை லேசாக இழுத்துப்பிடித்து, விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளுங்கள். வாய் விட்டதும் தடித்த முனையையும் அதேபோல் தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை எச்சிலில் பொருள் இருக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் ஒழுகும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படும், அலறாதீர்கள்.

தாழையூத்து: மாஞ்சோலை போக என்ன செய்யணும்?

மேலே மேலப்பாளையத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆலங்குளம்: நடந்து முடிச்சு அருவியில குளிக்க விடலாமா? கீழ நல்ல வெயில்தான்.

கீழே வெயிலென்பது கணக்கே இல்லை. மழை மலைக்குமேல் பெய்யும், வெள்ளம் உங்களிடம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் போய்விட்டான். தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் துணிமணியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். தடை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வள்ளியூர்: எட்டு வயசு மகள் பொதிகை உச்சி ஏறணும்ங்கா.

1,868 மீட்டர், கேரளப் பக்கம் போனக்காடு வழி, பல நாள் நடை. பதினான்கு வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. ஆசையை வளர்த்துவையுங்கள், தம்பி.

சேரன்மகாதேவி: ரெண்டு புள்ள, நாங்க ரெண்டு பேர். எப்படி வரிசையா போகணும்?

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். வளைவு வந்தால் யாரும் தனியாகத் திரும்பக்கூடாது. யானையும் கரடியும் உள்ள காடு, ஓடும் பிள்ளைதான் முதலில் எதிர்ப்படும். கழுத்தில் ஒரு விசில்: தொலைந்தால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று ஊதல். கிளம்பும் முன் வீட்டு வாசலில் பழக்குங்கள். ஓடைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், ஆலங்குளத்துக்குச் சொன்னது ஓடைக்கும் பொருந்தும்.

கரிசல்பட்டி: மாஞ்சோலை...

மேலே பாருங்கள்.

களக்காடு: போய்ட்டு வந்து பத்து நாள் கழிச்சுப் புள்ளைக்குக் காய்ச்சல். மலை நடைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

இதை எழுதி முடிப்பதற்குள் மருத்துவரிடம் கிளம்புங்கள், தங்கச்சி. புல்லும் புதரும் உள்ள இடத்தில் சிறுபூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலுக்குக் கணக்குச் சரியாக இருக்கிறது, கடித்தபின் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புவார் பதியும் இடம், காதுக்குப் பின்னால் என்று துணியை விலக்கிப் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது. பொருக்கு இல்லாவிட்டாலும் காட்டுப்பக்கம் போய்வந்த தேதியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் கேட்கும்.